இருபத்தெட்டு வேண்டாம்

மீன் விற்கிறவளுக்குக் கோபம் இருக்கக்கூடாது என்று எந்த ஊரிலும் சட்டம் கிடையாது. எனக்குக் கோபம் உண்டு. இந்தக் கதையில் நான் மூன்று தடவை கத்துகிறேன். மூன்று தடவையும் தப்பு என் மேல்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், அப்புறம் யாரும் என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் நிவெஸ். த்ரெவீசோ நகரில் கான்யான் கால்வாய்க்கு நடுவே உள்ள மீன் தீவில் மூன்றாவது கடை என்னுடையது. வீடு எதிர்க்கரையில், மாடியில். என் மகன் டெனிஸ் கப்பல் வேலைக்குப் போன பிறகு அவன் அறை காலியாகக் கிடந்தது. சென்ற செப்டம்பரில் அந்த அறைக்கு ஏகா வந்தாள். முழுப்பெயர் ஏகா கெலாஷ்விலி. ஜார்ஜியா நாட்டுக்காரி, வயது இருபத்துமூன்று. எங்கள் ஊர் நீர்ப் பள்ளியில் ஒரு வருடம் படிக்க வந்திருந்தாள். பழைய மாவு ஆலை ஒன்றில் நடக்கும் சின்னப் பள்ளி அது. ஆறு, கால்வாய், மதகு, இவை தவிர வேறு எதையும் அங்கே சொல்லிக்கொடுப்பதில்லை.

வந்த இரண்டாம் வாரமே சனிக்கிழமைகளில் என் கடைக்கு வந்து நிற்க ஆரம்பித்தாள். நான் கூப்பிடவில்லை. அறையில் தனியாக உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்றாள். கணவாயைச் சுத்தம் செய்யத் தெரியாமல் முதல் நாளே சட்டை முழுக்க மை அடித்துக்கொண்டாள். சந்தையில் எல்லோரும் என்னைப் பெயர் சொல்லி, 'நீ' என்றுதான் பேசுவார்கள். அவளும் அப்படியே பிடித்துக்கொண்டாள். கூடவே எங்கள் ஊர்ப் பேச்சையும் பிடித்துக்கொண்டாள், அதன் வசவுகளோடு. பள்ளியில் நடப்பது புத்தக இத்தாலியம். அவளுக்கு ஊர்ப் பேச்சு தெரியும் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையைக் கழுவிக்கொண்டிருந்தோம். எட்டுப் பரீட்சையில் ஏழு முடிந்துவிட்டது. எட்டாவது வியாழக்கிழமை. சனிக்கிழமை அவளுக்கு விமானம். ஏழு பரீட்சையிலும் முப்பதுக்கு இருபத்தெட்டு வாங்கியிருந்தாள். முதல் இருபத்தெட்டுக்கு நான் விலாங்கு வறுத்தேன். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் மத்தி. அக்கம்பக்கத்துக் கடைகளில் அவளைப் பற்றிப் பீற்றிக்கொண்டு திரிந்ததையும் மறைக்கவில்லை. ஆனால் மே மாதத்திலிருந்து அவள் முகம் சரியில்லை.

"இன்னும் ஒண்ணுதானேடி பாக்கி. எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க?"

"வியாழக்கிழமையும் இருபத்தெட்டு போட்டா நான் வாங்கிக்க மாட்டேன், நிவெஸ்."

தண்ணீர்க் குழாயை நிறுத்தினேன். எங்கள் நாட்டில் வாய்மொழிப் பரீட்சையில் மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டு, 'ஏற்றுக்கொள்கிறீர்களா' என்று கேட்பார்கள். வேண்டாம் என்றும் சொல்லலாம். சொன்னால் அந்த மதிப்பெண் போனது போனதுதான். அடுத்த தவணைக்கு வந்து முதலிலிருந்து பரீட்சை கொடுக்கவேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் செய்கிற காரியம் அது. என் டெனிஸ் பதினெட்டு வாங்கினான். அதற்குக் கீழே போனால் தோல்வி. அவன் அந்தப் பதினெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஏன், மகாராணிக்கு முப்பதா வேணும்?"

"எனக்கு ஒழுங்கா ஒரு பரீட்சை வேணும். கிராசாவைத் தெரியும்ல, போர்ச்சுகல் பொண்ணு? ஏப்ரல், மே ரெண்டு மாசமும் கடற்கரையிலயே கெடந்தா. புஸ்தகத்தோட அட்டை என்ன கலருன்னுகூட அவளுக்குத் தெரியாது. அவளுக்கும் இருபத்தெட்டு. வெளிநாட்டுலேர்ந்து வர்ற எல்லாருக்கும் அதேதான். ஒரு கேள்வி, ஒரு சிரிப்பு, ஒரு இருபத்தெட்டு. கல்யாண வீட்டுல சர்க்கரை பாதாம் குடுத்து அனுப்புற மாதிரி."

"குடுத்தா வாயில போட்டுக்கிட்டுப் போயேன். தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்களா?"

அவள் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஜூலை ஒண்ணாம் தேதி நான் எங்க ஊர்ல ரியோனி ஆத்து ஆபீசுல போய் உக்காரணும். மழை வந்தா எந்த மதகைத் தெறக்கணும், எதை மூடணும்னு எங்கிட்ட கேப்பாங்க. நான் தப்பாச் சொன்னா கீழ இருக்கற ஊருக்குள்ள தண்ணி பூந்துடும். எனக்கு விஷயம் தெரியுமா தெரியாதான்னு எனக்கே தெரியல, நிவெஸ். ஒரு வருஷமா ஒருத்தரும் எங்கிட்ட கேக்கவே இல்ல."

அவள் சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியது. ஏறிய பாதி வேலையைப் பற்றியது: எட்டுப் பரீட்சையும் முடித்த காகிதம் இல்லாமல் அந்த ஆற்று ஆபீசில் வேலை கிடையாது. அடுத்த தவணை செப்டம்பரில். அதுவரை அந்த நாற்காலி காலியாக இருக்காது. அவள் வாயைத் திறந்து ஒரு 'வேண்டாம்' சொன்னால் ஒரு வருடப் படிப்பும் வேலையும் சேர்ந்து கால்வாயில் போகும். இதைக் கேட்டு நான் சும்மா இருப்பேனா? கையில் இருக்கிற மீனை விட்டுவிட்டு ஆற்றில் இருக்கிற மீனுக்கு ஆசைப்படுகிறவளைப் பார்த்ததில்லை என்று ஆரம்பித்தேன். திமிர் என்றேன். அவள் அப்பா அம்மாவை இழுத்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் கத்தியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஏகா மிச்சத் தரையையும் கழுவிவிட்டுப் படிக்கப் போனாள். இது முதல் கத்தல்.

புதன்கிழமை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் அறைக்குள் நடந்துகொண்டே படிப்பது சமையலறை வரை கேட்டது. வாசலில் ஒரு தட்டு பொலெந்தாக் களியும் குட்டி இறாலும் வைத்துவிட்டு வந்தேன். தட்டு காலியாகத் திரும்பி வந்தது. அதையே ராஜி என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கே கடையை மூடினேன். இருபத்தாறு வருடத்தில் அப்படி மூடியது என் கல்யாணத்துக்கும் என் மாமியார் சாவுக்கும்தான். வாய்மொழிப் பரீட்சைக்கு எங்கள் ஊரில் கதவு சாத்துகிற வழக்கம் இல்லை. யார் வேண்டுமானாலும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். எலுமிச்சம்பழம் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் போனேன். இருந்தும் நான் உட்கார்ந்ததும் முன்வரிசைப் பையன்கள் இரண்டு பேர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களை முறைத்தேன்.

மேஜைக்குப் பின்னால் பேராசிரியர் பிவா. பக்கத்தில் அவருடைய உதவியாளர், கண்ணாடி போட்ட ஒரு பெண். பிவாவை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் விலாங்கு வாங்க வருவார். ஒவ்வொன்றையும் தலையைத் திருப்பிப் பார்க்காமல் எடுக்க மாட்டார். கண் கலங்கின மீனை அவரிடம் தள்ள முடியாது. பரீட்சையிலும் மனிதர் அப்படித்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஏகாவுக்கு முன்னால் ஃபுர்லான் என்று ஒரு உள்ளூர்ப் பையன். நல்ல உயரம், நல்ல சட்டை. பேராசிரியர் முதலில் முறைப்படி 'நீங்க' என்றுதான் ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் அதுதான் மரியாதை. மூன்றாவது தப்பில் பேச்சு மாறியது.

"நீ என்ன, தண்ணி மேட்டுல ஏறும்னு சொல்றியா? உங்கப்பன் கட்டடம் கட்றவர்தானே? அவர்கிட்ட போய்ச் சொல்லிப் பாரு, செங்கல்லால அடிப்பாரு."

முக்கால் மணி நேரம் அவனைக் காயப்போட்டு, இருபத்திரண்டு போட்டார். பையன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தப்பி ஓடினான்.

"கெலாஷ்விலி."

ஏகா போய் உட்கார்ந்தாள். பேராசிரியர் முகம் அப்படியே மாறியது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "ஊருக்குக் கிளம்பியாச்சா? எங்க ஊர் பிடிச்சிருந்ததா உங்களுக்கு?" என்று கேட்டார். பிறகு, மதகு எத்தனை வகை என்று ஒரு கேள்வி. அதற்கு எனக்கே பதில் தெரியும். அவள் பாதி சொல்லும்போதே தலையை ஆட்டிக்கொண்டு உதவியாளர் பக்கம் சாய்ந்து, ஊர்ப் பேச்சில் சொன்னார்: "ஃபொரெஸ்தா புள்ள. பாவம், வண்டியேறப் போவுது. இழுக்காத, இருபத்தெட்டு எழுதிரு."

ஃபொரெஸ்தா என்றால் புத்தக இத்தாலியத்தில் காடு. எங்கள் ஊர்ப் பேச்சில் அந்த வார்த்தைக்கு வெளியாள் என்று அர்த்தம். ஏகா வந்த புதிதில் சந்தைப் பெண்கள் இவளைப் பார்த்து 'ஃபொரெஸ்தா வந்துட்டா' என்று சொல்ல, இவள் ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று, "என் தலைமுடியையா காடுன்னு சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"இருபத்தெட்டு," என்றார் பேராசிரியர், மறுபடி நல்ல இத்தாலியத்தில். "ஏத்துக்கிறீங்கதானே?"

"இல்லை, பேராசிரியரே. வேண்டாம்."

உதவியாளரின் பேனா நின்றுவிட்டது. பேராசிரியர் அவளுக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்தார். மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, "இருபத்தெட்டு. நல்ல மார்க்கு. நீங்க கையெழுத்துப் போடலாம்," என்றார்.

அதற்கு ஏகா எங்கள் ஊர்ப் பேச்சில், என் கடையில் நின்று கற்ற அதே இழுப்போடு பதில் சொன்னாள்: "நான் வெளியாளுதான், பேராசிரியரே. ஆனா என் காது உள்ளூருதான்."

அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பேராசிரியரின் காது சிவந்தது. எனக்கோ நெஞ்சு விம்மியது. ஏனென்றால் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இவள் பேரம் பேசுகிறாள். விலையைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலடி நடக்கவேண்டும், பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். இந்த வித்தையை என் கடையில் தினம் பத்துப் பேர் என்னிடமே காட்டுகிறார்கள். பக்கத்திலிருந்த பையனின் விலாவில் குத்தி, "முப்பதுக்கு இழுக்கறா. பாரு வேடிக்கைய," என்றேன்.

"செப்டம்பர்ல வாங்க," என்றார் பேராசிரியர் வறட்சியாக.

"செப்டம்பர்ல நான் இங்க இருக்க மாட்டேன். இப்பவே கேளுங்க. ஃபுர்லானைக் கேட்ட மாதிரி கேளுங்க. எல்லாரும் முடிக்கட்டும், நான் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கேன்."

உதவியாளர் மெல்லிய குரலில், இன்னும் ஏட்டில் எழுதவில்லை, ஆகவே பரீட்சை முடிந்ததாக ஆகாது என்றார். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்க பாருங்க. நான் கேக்க ஆரம்பிச்சா இந்த இருபத்தெட்டு கெடையாது. அது போயாச்சு. பதில் வரலேன்னா தோல்வின்னுதான் எழுதுவேன். பாவம், ஊருக்குப் போற பொண்ணுன்னு அப்புறம் பாக்க மாட்டேன். சம்மதமா?"

"சம்மதம்."

அவள் குரல் நடுங்கியது. பின்வரிசை வரை கேட்டது அந்த நடுக்கம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேரம் பேசுகிறவள் குரல் நடுங்காது.

அப்போதே அவளைக் கரும்பலகைக்கு அனுப்பினார். எங்கள் சீலே ஆற்றில் ஊருக்கு மேலே ஒரு மதகு. அதைத் திடீரென்று திறந்தால், கீழே பாலத்தடியில் எத்தனை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் உயரும்? ஏகா சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எண்களும் கிரேக்க எழுத்துகளுமாகப் பலகை நிரம்பியது. பேராசிரியர் முதலில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு நிமிர்ந்தார். இடையில் புகுந்து குறுக்குக் கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். இன்னொன்று. அதற்கும் சொன்னாள். வெளியே போயிருந்த பையன்கள் விஷயம் கேள்விப்பட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். ஓடிப்போன ஃபுர்லான்கூடத் திரும்பி வந்திருந்தான்.

கடைசி வரி எழுதி, பாலத்தடியில் நாற்பது சென்டிமீட்டர் உயரும் என்றாள். பேராசிரியர் மேஜையில் ஓங்கி அடித்தார்.

"நீ எந்த மாசத்துல இருக்க?"

ஏகா பலகையிலிருந்து திரும்பினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். இது என்ன மாசம்? ஜன்னல் வழியா எட்டிப் பாரு. ஆத்துல பாசி இடுப்பளவு நிக்குது. தண்ணிய அது விடுமா? ஜனவரிக் கணக்க ஜூன்ல போடறியே, கழுதை. இப்படிக் கணக்குப் போட்டுட்டு நீ ஆபீசுல உக்காந்தேன்னா, தண்ணி பாலத்துக்கு மேல போவும், ஜனங்க கீழ போவாங்க."

பாசி. எனக்குத் தெரியும். கோடையில் பாசி வளர்ந்தால் கால்வாய் மட்டம் ஏறி என் கடைப் படி நனையும் என்பது மீன் தீவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பரீட்சையில் எனக்கு விடை தெரிந்திருந்தது. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் ஏகாவின் முகத்தைப் பார்த்தவுடன் கையை எடுத்துவிட்டேன். கழுதை என்று திட்டு வாங்கியவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்து, கண் பளபளத்து, அப்படி ஒரு சிரிப்பு. ஒரு வருடமாக அந்தப் பள்ளியில் எந்தப் பேராசிரியரும் அவளை 'நீ' என்றதில்லை. பலகையில் பாதியை அழித்தாள். "மன்னிச்சிருங்க, பேராசிரியரே. பாசிய விட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டாள். இந்த முறை அறுபத்தைந்து வந்தது.

"ம்," என்றார் பேராசிரியர். "இப்ப உக்காந்துராத. அடுத்தது."

இன்னும் அரை மணி நேரம் போனது. ஒரு இடத்தில் தடுமாறி, தெரியாது என்று ஒப்புக்கொண்டாள். இன்னொரு இடத்தில் சுற்றி வளைத்துப் போய்ச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தாள். கடைசியில் அவர், "உங்க ஊர் ஆறு பேரு என்ன? வரைஞ்சு காட்டு," என்றார். அவள் ரியோனியை மலையிலிருந்து கடல்வரை வரைந்தாள். பேராசிரியர் எழுந்து பலகைக்கே போய்விட்டார். இங்கே வண்டல் எவ்வளவு, இங்கே ஏன் வளைகிறது, வெள்ளம் எந்த மாதம் என்று அவர் கேட்க, அவள் சொல்ல, அவர் சட்டைப்பையிலிருந்து துண்டுக் காகிதம் எடுத்துக் குறித்துக்கொண்டார். அது பரீட்சைக் கேள்வி இல்லை. அவருக்கே தெரியாததைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்ப வந்து உட்கார்ந்தார். "இருபத்தேழு. ஏத்துக்கிறியா?"

"ஏத்துக்கறேன்," என்றாள் ஏகா, அவர் வாயை மூடுவதற்குள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்றேன்.

"இது என்ன அநியாயம்? முன்னாடி இருபத்தெட்டுன்னு சொன்ன வாய்தானே இது? ஒரு மணி நேரம் புள்ளையப் புழிஞ்சு எடுத்துட்டு ஒண்ணைக் கொறைப்பீங்களா?"

பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நிவெஸ், இது மீன் கடை இல்ல."

"மீன் கடையா இருந்தா சொன்ன வெலைக்குக் குடுத்திருப்பேன்."

பையன்கள் மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஏகா கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள். இது இரண்டாவது கத்தல். மூன்றாவது உடனே வாசலில் நடந்தது. "இருபத்தெட்ட வேண்டாம்னுட்டு இருபத்தேழு வாங்கினவ இந்த ஒலகத்துலயே நீ ஒருத்திதாண்டி. இதுக்கா நான் கடைய மூடிட்டு வந்தேன்?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எலுமிச்சை, மீன், எதையும் பார்க்கவில்லை.

"நிவெஸ், கேளு. ஏழு பரீட்சையில எனக்கு எதுக்கு ரெண்டு மார்க்கு போச்சுன்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. இதுல மூணு போயிருக்கு. ஒண்ணு பாசிக்கு. ஒண்ணு நான் தெரியாதுன்னு சொன்னதுக்கு. ஒண்ணு சுத்தி வளைச்சதுக்கு. மூணும் எதுக்குன்னு எனக்குத் தெரியும். மிச்சம் இருபத்தேழு எனக்குத் தெரிஞ்சது. எனக்கு வேலை தெரியும், நிவெஸ்."

கடைசி வாக்கியத்தை அவள் இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை சொல்லும்போது அழுதாள். நானும் அழுதேன், ஆனால் எனக்கு இன்னும் அந்த ஒரு மார்க்கு பற்றிய ஆத்திரம் தீரவில்லை. சாயங்காலம் பாலத்துக்குப் பக்கத்துச் சாராயக்கடையில் அவளுக்கு எல்லோரும் ஆளுக்கு ஒரு சின்னக் கோப்பை வெள்ளைத் திராட்சை மது வாங்கிக் கொடுத்தார்கள். ஃபுர்லான் அவள் கையைக் குலுக்கி, "ஒன்னைக் கழுதைன்னாரு, என்னை அதுகூடச் சொல்லல," என்றான் பொறாமையோடு. நான் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் விலாங்கு வாங்க வரவில்லை. என் வாய்க்குப் பயந்திருப்பார். நான் விடுவதாக இல்லை. மத்தியானம் கடையை மூடியதும் நேரே நீர்ப் பள்ளிக்குப் போனேன், அந்த ஒரு மார்க்கை வாங்காமல் திரும்புவதில்லை என்று. பேராசிரியர் அறை பூட்டியிருந்தது. கதவில் வியாழக்கிழமைப் பரீட்சையின் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலேயிருந்து படித்தேன்.

பதினான்கு பேர். பெல்லியோ பத்தொன்பது. கசாக்ராந்தே தோல்வி. தால் மாஸ் இருபத்துமூன்று. ஃபுர்லான் இருபத்திரண்டு. கெலாஷ்விலி இருபத்தேழு. கோப்போ பதினெட்டு. அப்படியே கீழே போனேன். இருபது, இருபத்தொன்று, தோல்வி, இருபத்துநாலு. கடைசியில் வியேரா, அதுதான் அந்தப் போர்ச்சுகல் பெண் கிராசா: வரவில்லை. ஏகாவை நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்விகளைப் பார்த்ததும் பெண் நழுவியிருக்கிறாள். பரவாயில்லை, செப்டம்பர்வரை அவளுக்குக் கடல் இருக்கிறது.

பட்டியலை மறுபடி மேலேயிருந்து படித்தேன். விரலை வைத்துப் படித்தேன். இருபத்தேழுக்கு மேல் ஒன்றுகூட இல்லை. இருபத்தாறுகூட இல்லை. ஒரு மீனின் விலை என்னவென்று தனியாகப் பார்த்தால் தெரியாது. சந்தை முழுக்க ஒரு சுற்று வந்தால்தான் தெரியும். இருபத்தாறு வருடம் கடை வைத்திருக்கிறவளுக்கு இது தெரியாமல் போயிற்று. பள்ளித் தாழ்வாரத்தில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். தரை துடைக்கிற பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை ஏகாவின் விமான நிலையப் பேருந்து ஒன்பது மணிக்கு. எட்டரைக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிக் கடைக்கு விடைபெற வந்தாள். கடையில் கூட்டம். விலைப் பலகையில் அன்றைய மீன்களைக் காலையிலேயே எழுதியிருந்தேன்: மத்தி ஏழு, கணவாய் பதினாறு, விலாங்கு இருபத்துநாலு. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், கெலாஷ்விலி இருபத்தேழு. எழுத்துக்கூட்டத்தான் நேரமாயிற்று.

பல் மருத்துவர் மனைவி கூடையோடு முன்னால் நின்று பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பேரம் பேசாமல் போகமாட்டாள்.

"நிவெஸ், அந்த மேல இருக்கற மீனு புதுசா? எங்க இருக்கு?"

"அது விக்கறதுக்கு இல்லைங்க."

"இல்ல, இருபத்தேழுன்னு போட்டிருக்கியே. கொஞ்சம் ஜாஸ்தியா இல்ல?"

ஏகா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்து அவள் தோளில் கையைப் போட்டேன்.

"ஆமாங்க, ஜாஸ்திதான். இந்த ஊர்லயே அதான் ஜாஸ்தி."